இரண்டரை டன் தகடு

ஓடுதளத்தை ஒட்டிய சரக்குக் கொட்டகையில் இருபத்தாறு வருடங்களாக வேலை பார்க்கும் அவருக்குத் 'தராசு' என்று பெயர். நேர்மையைப் பாராட்டி வைத்ததல்ல. எழுதிக் கொடுத்த எந்த எடையையும் நம்பமாட்டார் என்ற எரிச்சலில் வைத்தது. வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரைக்கூட எடைக்கருவியில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். மனைவி அதை வியாதி என்றார். விமானிகள் அதை ஆயுள் காப்பீடு என்றார்கள்.

எந்தச் சரக்கை விமானத்துக்குள் எங்கே வைப்பது, எவ்வளவு எரிபொருள் நிரப்புவது என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திடுவது அவர் வேலை. அந்தக் கையெழுத்து இல்லாமல் சக்கரம் உருளாது. இத்தனை அதிகாரம் உள்ள மனிதரின் நாற்காலிக்கு ஒரு கால் ஆடியது. மாற்றித் தரச் சொல்லி அவர் எழுதிய கடிதங்களே ஒரு கோப்பு சேர்ந்திருந்தன.

அன்று காலை ராணுவத்தின் இரண்டு கவச வண்டிகள் வந்து நின்றன. கடல் கடந்த போர்முனைக்கு அன்றே போயாக வேண்டும். கூட வந்த மேஜர் நீட்டிய தாளில், வண்டி ஒன்றுக்குப் பதினெட்டு டன். தராசு வழக்கம்போல ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் எடைப் பலகையை வைத்தார். வண்டிக்கு இருபதரை காட்டியது.

"தாள்ல பதினெட்டுன்னுதானே இருக்கு?" என்றார் மேஜர்.

"தாள் மட்டும் போறதா இருந்தா இப்பவே அனுப்பிடலாம் சார்."

விசாரித்ததில் விஷயம் வந்தது. கண்ணிவெடிக்குத் தாங்கட்டும் என்று பட்டறையில் வண்டியின் அடிவயிற்றில் கூடுதலாகத் தகடு பற்றவைத்திருக்கிறார்கள். அருமையான வேலை. அதைத் தாளில் ஏற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. தாள் தொழிற்சாலையில் பிறந்தது, தகடு பட்டறையில் பிறந்தது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆக, இரண்டுக்கும் சேர்த்து ஐந்து டன் கூடுதல்; முழு எரிபொருளோடு கிளம்பினால் விமானத்தின் எடை எல்லையைத் தாண்டிவிடும். எரிபொருளைக் குறைத்து நடுவில் வேறொரு நாட்டில் இறங்கலாம் என்றால், ராணுவச் சரக்கோடு இறங்க அனுமதி வர நான்கு நாள் ஆகும். ஒரு வண்டியை விட்டுப் போகலாம் என்றால், "ஒண்ணு மாட்டிக்கிட்டா இன்னொண்ணுதான் இழுக்கணும், தனியா அனுப்ப முடியாது" என்றார் மேஜர். பிறகு குரலைத் தாழ்த்தி, "பதினெட்டுன்னே போட்டுடுங்களேன். யார் பாக்கப் போறா?" என்றார்.

பார்க்க வேண்டியவர் அந்த நேரம் உள்ளே வந்தார். ஐந்து பேரோடு அந்த விமானத்தை ஓட்டிப் போகும் கேப்டன்.

"என்னய்யா தராசு, ஆச்சா? நீ எழுதினதை நான் என்னைக்குப் படிச்சிருக்கேன்? கொடு, கையெழுத்தைப் போடறேன்."

"இன்னும் ஆகலை. ஒரு டீ குடிச்சிட்டு வா."

கேப்டன் வெளியே போகவும் தராசுக்கு அவர் அக்காவின் போன் வரவும் சரியாக இருந்தது. அந்த வண்டிகளுக்காகக் காத்திருந்த படைப்பிரிவில்தான் அக்காவின் ஒரே மகன் இருந்தான்.

"டேய், பையன் பேசினான். வண்டி வர்ற வரைக்கும் நடந்துதான் ரோந்து போகணுமாம். நேத்து ரெண்டு பேர் போயிட்டாங்களாம்டா. உன் கையிலதானே இருக்கு?"

"பாக்கறேன்க்கா."

"பாக்காத. அனுப்பு."

அவர் போனை வைத்துவிட்டுப் பழைய கணக்கையே மூன்று முறை போட்டார். மூன்று முறையும் சரியாக வந்து தொலைத்தது. எழுந்து போய் மேஜரிடம், "தகட்டை வெட்டிடுங்க. வண்டி இன்னைக்கே போகும். தகடு பின்னால கப்பல்ல போகட்டும்" என்றார்.

"தகடு இல்லேன்னா அது பால் வண்டிங்க."

"நடக்கிறதுக்குப் பால் வண்டி மேல் சார்."

"உங்க வீட்டுப் பிள்ளை அதுல உட்காரப் போறதில்லை. பேசுவீங்க."

"எங்க அக்கா பிள்ளை உட்காரப் போறான்."

மேஜர் பட்டறைக்குப் போன் போட்டார். வெட்டுகிற ஆட்கள் வந்தார்கள். பற்றவைக்க ஒரு வாரம் எடுத்த தகட்டை அறுத்தெறிய நாலு மணி நேரம் போதுமாக இருந்தது. ஒவ்வொரு தகடும் விழும்போது கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. தராசு மறுபடியும் எடை போட்டு, மறுபடியும் கணக்குப் போட்டு, கையெழுத்திட்டார். கேப்டன் படிக்காமலே கையெழுத்திட்டார்.

விமானம் குறித்த நேரத்தில் பத்திரமாக இறங்கியது. அக்கா போன் செய்து அழுதுகொண்டே வாழ்த்தினார். பதிமூன்றாம் நாள் முதல் வண்டி கண்ணிவெடியில் ஏறியது. உள்ளே இருந்த நான்கு பேரில் அக்கா மகனும் ஒருவன். தகடுகள் அதற்கு அடுத்த வாரம் கப்பலில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ரசீதும் வந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அக்கா, "என் தம்பி அன்னைக்கே வண்டியை அனுப்பினான். இல்லேன்னா என் பிள்ளை முன்னாடியே போயிருப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். வந்தவர்கள் போன பிறகு தராசு எல்லாவற்றையும் சொன்னார்.

அக்கா கேட்டார்:

"தகட்டோட அனுப்பியிருந்தா விமானம் விழுந்திருக்குமாடா?"

விமானத்தின் எடை எல்லைக்கு அப்பாலும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அந்த எல்லையை வகுக்கிறார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று வெயிலுக்கும் காற்றுக்கும்தான் தெரியும்.

"விழுந்திருக்கலாம். விழாமலும் போயிருக்கலாம்க்கா."

"நிச்சயமா தெரியாதா?"

"தெரியாது."

"கண்டிப்பா விழுந்திருக்கும்னு ஒரு பொய் சொல்லக் கூடாதாடா, பாவி," என்றார் அக்கா.