கடலுக்கு முதுகு காட்டாத ஓட்டக்காரி

எங்கே வரிசையைக் கண்டாலும் எடித்தின் வலது குதிக்கால் தானாக எழும்பிவிடும். பேக்கரி வாசலோ பூசையில் நற்கருணை வாங்கும் வரிசையோ, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். பாரம் முழுவதும் இடது பெருவிரலில் இறங்கும். முழங்கால் மெல்ல மடியும். விரல்கள் பாவாடை ஓரத்தைத் தேய்க்கும். முன்னால் நிற்பவர் அசைந்ததும் பாய்ந்து அவர் முதுகில் மோதுவாள்.

"ஓட்டம் தொடங்கச் சொல்லி ஆரும் துவக்கு வெடிக்கேல்லையடி" என்பார் தாய்.

அரிப்பு என்ற அந்தக் கடற்கரை ஊரில் நூறு மீற்றர் ஓடுகிற பெண் அவள் ஒருத்திதான். போன போட்டியில் பாதித் தூரம் முன்னால் போய், கடைசியில் காற்றுப் போன சைக்கிள் ரியூப் மாதிரி ஆகிவிட்டாள். மார்கழியில் மாகாண அஞ்சலோட்ட அணிக்கு ஆள் தெரிவு. அதிலும் விடுபட்டால் சப்பாத்தைக் கட்டி வைத்துவிட்டு, வத்தளையில் சித்தியின் தையல் கடைக்குப் போவதாகத் தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவளைப் பழக்குகிற றெனால்ட் மாஸ்டர் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு வந்தார்.

"போட்டி இல்லாத மாதங்களிலைதான் பிள்ளை, காலுக்குப் பலம் ஏத்தவேணும். மலையிலை ஏறி ஓடவேணும். இல்லாட்டிப் பாரம் இழுக்கவேணும்."

"மலைக்கு எங்க சேர் போறது?"

மாஸ்டர் நாலு பக்கமும் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய மட்டும் தட்டையாகவே கிடந்தது. மைதானம் ஐப்பசி மழையில் குளமாகியிருந்தது. ஆனால் கடல் அமர்ந்து, கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கிற கரைவலைக் காலம் தொடங்கியிருந்தது. அவர் நேரே வலைச் சொந்தக்காரர் அமிர்தநாயகம் சம்மாட்டியிடம் போய், எடித்தையும் வலை இழுக்கச் சேர்க்கும்படி கேட்டார்.

"சம்பளம் கேக்காத ஆளே? உடனே வரச் சொல்லுங்கோ."

முதல் நாள் எடித் இடுப்பில் பட்டியைக் கட்டி வலைக்கயிற்றில் கொளுவிக்கொண்டு, ஊர்ப் பக்கம் முகம் வைத்துக் குனிந்தாள். சம்மாட்டி அலறினார்.

"திரும்பு பிள்ளை! வலைக்கு முதுகு காட்டுறியே? மீன் என்ன நினைக்கும்?"

"சம்மாட்டி, இது ஓட்டப் பயிற்சி. முன்னுக்குத்தான் போகவேணும்" என்றார் மாஸ்டர்.

"உங்கட ஓட்டத்தை மைதானத்திலை வைச்சுக்கொள்ளுங்கோ. என்ர வலையைக் கடலைப் பார்த்துத்தான் இழுக்கிறது."

மாஸ்டர் விட்டுக்கொடுத்தார். "சரி, திரும்பு பிள்ளை. பின்னுக்குப் போனாலும் தொடை தொடைதானே."

அப்படியே பின்பக்கமாக இழுத்தாள். வலையின் இரண்டு கயிறுகளில் அவள் நின்ற கயிறுதான் ஒவ்வொரு நாளும் பிந்தியது. மற்றக் கயிறு கரைக்கு வந்த பிறகும் இது அசையாது. வலை கோணிக்கொண்டு நிற்கும்.

"ஓட்டக்காரியாம் ஓட்டக்காரி!" என்று சம்மாட்டி கத்துவார்.

"விடுங்கோ சம்மாட்டி, பழகட்டும்" என்பான் அவளுக்குப் பின்னால் கயிறு பிடிக்கிற கபிலன்.

வெட்கத்தில் எடித் குதிக்காலை இன்னும் ஆழமாக மணலில் இறக்குவாள். கார்த்திகை பிறந்தபோது கோயிலிலிருந்துகூடப் பின்பக்கமாகத்தான் வெளியே வந்தாள்.

"பேய் பிடிச்சிட்டுதெண்டு சனம் கதைக்குது" என்றார் தாய்.

"பேய் வேகமாத்தானே அம்மா போகும்."

தெரிவு நாளில் துவக்கு வெடித்தது. எடித்தின் முதல் அடி பின்னால் போனது. மாஸ்டர் தலையில் கையை வைத்தார். எல்லோருடைய முதுகும் அவளுக்குத் தெரிந்தது. வத்தளைத் தையல் கடையும் தெரிந்தது. திடுக்கிட்டு முன்னால் பாய்ந்தாள். வழக்கமாகக் காற்றுப் போகிற இடம் வந்தது. காற்றுப் போகவில்லை. இடுப்பில் பாரம் இல்லாத கால்கள் என்ன செய்வதென்று தெரியாமல் பறந்தன. முன்னால் போனவர்கள் ஒவ்வொருத்தியாகப் பின்தங்கினார்கள். அணியில் கடைசி இடம் அவளுக்குக் கிடைத்தது.

"நான் திருப்பி விட்டதாலைதான்!" என்றார் மீன் லொறியில் வந்து இறங்கியிருந்த சம்மாட்டி. மாஸ்டர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஊர் வந்து சேரும்வரை இருவரும் லொறிக்குள் சண்டை பிடித்தார்கள்.

நத்தார்ப் பண்டிகை கழிந்த பிறகுதான் கபிலன் வாய் தவறிச் சொன்னான். எடித்தின் கயிற்றில் நின்ற ஆண்கள் முக்கால்வாசி நேரமும் இழுக்கவேயில்லை; கயிற்றைச் சும்மா பிடித்தபடி அவளோடு நடந்திருக்கிறார்கள்.

"பயிற்சிக்கு வந்த பிள்ளையின்ர பாரத்தை நாங்கள் பறிக்கக்கூடாதுதானே."