சைக்கிள் சப்பாத்தும் தேங்காய் எண்ணெயும்

என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் ஆகாது. மலாக்காவில் லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆற்றுப் பக்கம் போனால் முதுகுத் தோலை உரித்துவிடுவேன் என்று மிரட்டியே வளர்த்திருக்கிறார்கள். ஆனால் தோட்டத்து மண் பாதையில் தினமும் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவர். அந்தக் கால்கள் இன்னும் ஓயவில்லை. சிம்பாங் அம்பாட்டில் தொழிற்சாலை ஷிப்ட் முடித்து வந்த அலுப்பிலும், ரெம்பியா வரைக்கும் ஒரு மிதி மிதித்துவிட்டு வந்தால்தான் சோறு இறங்கும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு நாற்பது வயதைத் தாண்டிய பிறகு டிரையத்லான் ஆசை வந்தது. முதலில் கடலில் முக்கால் கிலோமீட்டர் நீந்த வேண்டும், பிறகு இருபது கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். "முக்கால்தானே, சமாளிச்சிரலாம்" என்று குளத்தில் எப்படியோ கை கால் அடிக்கப் பழகிக்கொண்டார். கணக்குப் பார்த்தால் அது சரிதான். மொத்த நேரத்தில் நீச்சல் ஒரு சின்னத் துண்டு. நானும் நம்பினேன்.

முதல் தடவை தஞ்சோங் பிடாரா கடற்கரையில் பசியாற இட்லியைக் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லோரும் வெளியே வந்து சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் மட்டும் வரவில்லை. நீந்தி முடிக்கக் கொடுத்த கெடு முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது என்கிற நேரத்தில் தள்ளாடி வந்து மணலில் வாந்தி எடுத்தார். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கடலைக் காலால் உதைத்தே தீர்த்துவிட்டார். பிறகு சைக்கிள் எங்கே ஓடும்? முன்னால் வந்தவர்கள் இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து போக, இவர் எதிர்காற்றில் ஒற்றை ஆளாகப் போனார். வழக்கமாக இவர் ஊதித் தள்ளுகிற ஆட்களெல்லாம் இவரைத் தாண்டி ஓடினார்கள். எப்படியோ முடித்தார், கடைசிக்கு முந்தின ஆளாக.

இரண்டாம் தடவை அதுவும் இல்லை. கடல் கொஞ்சம் பொங்கியிருந்தது. கெடு தாண்டிவிட்டது என்று படகில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். இவர் துடைத்துத் துடைத்து வைத்த சைக்கிள், எல்லாச் சைக்கிளையும் மாட்டி வைக்கிற கம்பியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நீந்தி வெளியே வராதவனுக்குச் சைக்கிளும் கிடையாது, ஓட்டமும் கிடையாது. அதுதான் சட்டம்.

"எந்த மடையன் நீச்சல முதல்ல வச்சான்? கடைசியில வச்சா நீங்கதான் சேம்பியன் லா" என்றேன், ஆறுதலாக இருக்கட்டுமே என்று.

"கடைசியில வச்சா களைச்சுப்போய் முழுகிருவாங்க புள்ள" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை ஸ்டோர் ரூமில் தள்ளி, பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடினார். மாதக்கணக்கில் அதை எடுக்கவே இல்லை. வேலை முடிந்து வந்து டிவி முன்னால் உட்காருவார், என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. எனக்கோ வாயாடாமல் இருக்கும் மனிதரைக் கண்டால் ஆகாது. அந்தப் போர்வை சைக்கிளைவிட இவரைத்தான் மூடியிருந்தது. அதை எப்படியாவது உருவிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. மூன்றையும் ஒரே ஆள் செய்ய வேண்டியதில்லை. ஒருவர் நீந்தலாம், மற்றவர் மீதியைச் செய்யலாம். நீந்துகிறவர் கணுக்காலில் நேரம் பதியும் பட்டை ஒன்று இருக்கும். அவர் ஓடி வந்து அதை அடுத்தவர் காலுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கும் நீச்சல் தெரியாது. பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு அ ஆ சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஆனால் பக்கத்துத் துணிக்கடைக்கார அக்கா வாரம் தவறாமல் மலாக்கா டவுன் நீச்சல் குளத்துக்குப் போகிறவர். தலை முதல் கால் வரை மூடிய உடுப்பில், முக்காட்டோடு மீன் மாதிரி போவார். "நானே நீந்துறேன், ஒனக்கென்ன வந்துச்சு?" என்று தன் கடையிலிருந்தே எனக்கும் ஒரு முழுக்கை உடுப்பைத் தேடிக் கொடுத்து, கையோடு இழுத்துப் போனார். இவரிடம் யோகா வகுப்பு என்று சொல்லி வைத்தேன். யோகாவுக்குப் போகிறவள் ஏன் ஈரத் தலையோடு வருகிறாள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என் அழகை அந்த அளவுக்குத்தான் கவனிக்கிறார்.

எனக்கு வேகம் வரவில்லை, ஆனால் மிதக்க வந்தது. மூச்சு முட்டினால் மல்லாந்து படுத்துக்கொள்வேன். இரண்டு பேர் பெயரையும் பதிந்த பிறகுதான் இவரிடம் சொன்னேன். இவர் எழுந்து ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் போர்வையை எடுத்தார்.

போட்டி அன்றைக்குக் காலையில் நான் ஒரு கூத்துப் பண்ணினேன். உப்புத் தண்ணீரில் முடி கெட்டுவிடும் என்று வேருக்கு வேர் தேங்காய் எண்ணெய் வைத்து, நன்றாக வாரிக் கொண்டை போட்டு, அதன்மேல் இரண்டு பேர் அணிகளுக்கென்று போட்டி நடத்துகிறவர்கள் கொடுத்த ஆரஞ்சு நிற ரப்பர்த் தொப்பியை மாட்டினேன். கடலில் இறங்கி, வழிகாட்டும் முதல் மிதவையைத் தாண்டும் முன்னே தொப்பி வழுக்க ஆரம்பித்தது. இழுத்து விடுவேன், வழுக்கும். மறுபடி இழுப்பேன், மறுபடி வழுக்கும். கடைசியில் யாரோ ஒருவர் கை பட்டு, தொப்பி, கொண்டை, நீச்சல் கண்ணாடி எல்லாமே ஒன்றாகக் கழன்று போயின. மலாக்காக் கடல் தேத்தண்ணி நிறம். போனது போனதுதான்.

இடுப்பு வரைக்கும் உள்ள முடி மூஞ்சியில் சுற்றிக்கொண்டு மூச்சுவிட விடவில்லை. பயந்துபோனேன், பொய் சொல்லவில்லை. பலரும் என்னைத் தாண்டிப் போனார்கள். படகுக்குக் கையைத் தூக்கலாமா என்று நினைத்தேன். தூக்கினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். சைக்கிள் கம்பியிலேயே தொங்கும், சாயங்காலம் போர்வைக்குள் போய்விடும். மல்லாந்து படுத்தேன். அடுப்படியில் நின்று போடுவது மாதிரி, கடல்மேல் படுத்தபடியே கொண்டையைப் போட்டேன். பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு, வாய்க்கு வந்தபடி கடலைத் திட்டிக்கொண்டே நீந்தினேன்.

கரையில் கால் பட்டபோது என்னோடு நாலைந்து பேர் மொத்தமாக ஏறினார்கள். கெடுவுக்குள் வந்துவிட்டேன்! எங்கிருந்து அந்த ஓட்டம் வந்ததோ, சைக்கிள்கள் இருக்கும் இடத்துக்குப் பறந்தேன்.

சைக்கிள் இருந்தது. ஹெல்மெட் இருந்தது. இவரைக் காணோம்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தால் இந்த மனிதர் ஒண்ணுக்குப் போய்விட்டாரா? அங்கே நின்ற தொண்டூழியர் ஒருவர் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினார். திரும்பி ஓடினேன்.

இவர் கடலில் நின்றுகொண்டிருந்தார். காலில் மாட்டிய சைக்கிள் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. தண்ணீர் தொடையைத் தாண்டியிருந்தது, அலை வந்து தள்ள, தள்ளாடிக்கொண்டே இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தார். படகுக்காரரைப் பார்த்து, "தொப்பி காணோம்! ஆரஞ்சு தொப்பி! என் பொண்டாட்டி லா!" என்று கத்திக்கொண்டிருந்தார். படகில் ஏற்றி வந்த நாளிலிருந்து முழங்கால் தண்ணீருக்கே உடம்பு விறைத்துப் போகிறவர்.

"என்னாங்க! இங்க இருக்கேன்!"

திரும்பினார். முகம் வெளுத்துக் கிடந்தது. ஓடி வந்து, அழுதுகொண்டே மணலில் மண்டியிட்டு என் காலைப் பிடித்தார். பட்டை இருக்கிற கால் அது இல்லை. மெட்டி போட்ட அன்றைக்கும் முதலில் தப்பான காலைத்தான் பிடித்தார், ஐயர் அதட்டினார்.

"அந்தக் கால் இல்ல, இந்தக் கால்! இங்க மாத்தக் கூடாது, சைக்கிள்கிட்ட போயித்தான் மாத்தணும். அழுவறத சைக்கிள்ல ஏறி அழுங்க, வாங்க!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

பட்டையை மாட்டிக்கொண்டு, சப்பாத்துக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று அடிக்கச் சைக்கிளை மிதித்துப் போனார். போனவர் ஒவ்வொரு ஆளாகத் தாண்டித் தாண்டிப் போனாராம், துணிக்கடை அக்கா சாலையோரம் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஓட்டத்தையும் முடித்து முடிவுக் கோட்டை மிதித்தபோது முன்வரிசையும் இல்லை, பின்வரிசையும் இல்லை, நடுவில் எங்கேயோ வந்தோம். என் நீச்சலாலும் என் எண்ணெயாலும் போன நேரத்தை அவருடைய கால்கள் முழுசாக மீட்டுக் கொடுக்கவில்லை. கடலில் நின்ற நேரம் வேறு.

தரையில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டே ஏசினேன். "அங்கயே நின்னிருந்தா இன்னும் பத்து பேர முந்தியிருக்கலாம். அந்தச் சைக்கிளுக்காகத்தான் நான் அந்தக் கடலயே தாண்டி வந்தேன், தெரியுமா?"

ஓட்டத்துக்கு முன்னால் கழற்றிப் போட்ட சைக்கிள் சப்பாத்தை எடுத்து, மிச்சத் தண்ணீரைக் கவிழ்த்தார். கூடவே மணலும் கொட்டியது.

"தொப்பி தெரியலன்னதும், இன்னைக்கு சைக்கிள் ஓட்டணும்னே எனக்கு மறந்துபோச்சு புள்ள" என்றார்.

இன்னொரு இட்லியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.