பெர்லின் பஸ்ஸுக்கு எலுமிச்சம்பழம்

எங்கள் மினிபஸ் டிரைவர் ஆவுடையப்பன் அண்ணாச்சியோடு எனக்கு நித்தமும் சண்டைதான். திரேஸ்புரத்தில் மீன்காரி ஹில்டா கூடையோடு ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தால் போதும், பிரேக்கை மிதித்துவிடுவார். டைமிங் போச்சு என்று பின்வண்டிக்காரனிடம் வசவு வாங்குவது யார்? கண்டக்டர் நான்.

"ஏலே கிருபாநிதி, ஓடி வாரவளை விட்டுட்டுப் போனா எனக்குச் சோறு இறங்காதுலே" என்பார்.

அவர் மகள் பொன்செல்வி பெர்லினுக்குப் படிக்கப் போனவள். அங்கே டிரைவருக்குத் தட்டுப்பாடு என்றதும் பயிற்சி எடுத்து டவுன்பஸ் ஓட்டச் சேர்ந்துவிட்டாள். "இந்தப் பொழப்பு என்னோட போகட்டும்னு இருந்தேனே" என்று அண்ணாச்சி என்னிடம் புலம்பித் தீர்த்தார்.

அவள் முதன்முதலாகத் தனியாக வண்டி எடுத்த அன்று, நமக்கு மத்தியானம், அங்கே காலை. அண்ணாச்சி எலுமிச்சம்பழங்களை எங்கள் மினிபஸ் சக்கரத்தடியில் வைத்தார்.

"அண்ணாச்சி, பிள்ளை வண்டி பெர்லின்லல்லா நிக்கி?"

"அங்கன யாருலே வைப்பா? இங்கன வச்சா ஆகாதா?"

சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அந்த ஊரில் எந்த பஸ் எங்கே போகிறது என்று போனிலேயே தெரியும். மகள் ஓட்டும் பஸ் ஒரு பச்சைப் புள்ளி. புள்ளி நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. ஒரு நிறுத்தத்தில் நின்றது நின்றதுதான். அண்ணாச்சி போனை முகத்தருகே கொண்டுபோனார்.

"எங்கயும் இடிச்சிட்டாளோலே?"

பஸ்ஸுக்குள் ஹில்டா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். நேரமாகிவிட்டது என்று பின்வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். "சும்மா கெடலே!" என்று அவனைத்தான் வைதேன்.

ஒருவழியாகப் புள்ளி அசைந்தது. அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி வண்டியை எடுத்தார். நாங்கள் கடைசி நிறுத்தமான புதுக்கோட்டை போய்ச் சேர்ந்ததும் பொன்செல்வி போன் அடித்தாள்; அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏளா, நடுவுல ஏன் நின்னே? வண்டிக்கு என்னாச்சு?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லப்பா. ஒரு பாட்டி ஊனுகோலோட ஓட மாட்டாம ஓடி வந்தாவ. கண்ணாடில பாத்துட்டேன். விட்டுட்டு வர மனசு வரல."

"ஏசுனாவளா?"

"ஒருத்தர் ஏசுனாரு. நீங்க கிருபாநிதி அண்ணன்கிட்ட வாங்காத ஏச்சாப்பா?"

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

திரும்புகால் டிரிப் கிளம்பி முக்குத் திரும்பினோம். தூரத்தில் ஒருத்தி கையைக் காட்டிக்கொண்டு ஓடிவந்தாள். அண்ணாச்சி இன்னும் பார்க்கவில்லை. விசில் அடித்து வண்டியை நிறுத்தியது நான்தான்.