முதல் பக்கத்தோடு நின்ற அளவு

ஆபீசில் அவளுக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். இணையப் பக்கங்கள் எவ்வளவு நேரத்தில் திறக்கின்றன என்று அளந்து சொல்வதுதான் வேலை. வேகம்தான் என்று அவள் சொல்லிவிட்டால் மேனேஜரே மறுபேச்சுப் பேசமாட்டார். அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அவர்கள் ஒரு கண் மருத்துவமனைக்குச் செய்து கொடுத்த செயலி, அவளுடைய அக்காவின் கவுண்ட்டரில்தான் ஓடியது. அக்கா அங்கே நோயாளிகளைப் பதிவு செய்பவள். செயலி வந்த நாளிலிருந்து வரிசை வாசலைத் தாண்டி நீண்டது. அக்கா மந்தம் என்று புகார் போய், அவளைக் கவுண்ட்டரிலிருந்து தூக்கிவிடப் போவதாகப் பேச்சு அடிபட்டது. பக்கம்தான் திறந்து தொலைய மாட்டேன் என்கிறது என்று அக்கா போனில் புலம்பினாள். தங்கை தன் அளவைப் பார்த்தாள். ஒரே வினாடி.

"அளந்து பாத்துட்டேன்க்கா. பக்கம் நல்லாத்தான் இருக்கு."

மருத்துவமனை நிர்வாகி கேட்டபோதும் அதையே சொன்னாள். அதன்பின் அக்கா அவள் போனை எடுப்பதில்லை.

மனசு கேட்காமல் ஒருநாள் காலையிலேயே கவுண்ட்டருக்குப் போய் நின்றாள். அக்கா முகங்கொடுத்துப் பேசவில்லை. கணினியைப் போட்டதும் முதல் பக்கம் டக்கென்று வந்தது. பிறகு ஒவ்வொரு நோயாளியின் பெயரைத் தட்டும்போதும் திரையில் ஒரு வட்டம் சுற்றோ சுற்றென்று சுற்றியது. இந்தச் செயலியில் பக்கம் ஒருமுறைதான் புதிதாக இறங்கும்; அப்புறம் நாள் முழுக்க உள்ளே இருப்பது மட்டும் மாறும். தங்கையின் அளக்கும் கருவியோ முதல் திறப்பைக் குறித்துக்கொண்டு தூங்கப் போய்விடும். அக்கா காத்துக் கிடந்த நேரமெல்லாம் கணக்கிலேயே வரவில்லை.

அன்றே அளவை மாற்றினாள்: பெயரைத் தட்டியதிலிருந்து விவரம் கண்ணில் படும்வரை. வந்த எண்ணைப் பார்த்து மேனேஜர் இருமினார். மறுநாள் நிர்வாகியிடம் போய், மந்தம் எங்கள் செயலிதான், தப்பாக அளந்தது நான்தான் என்று சுற்றி வளைக்காமல் சொன்னாள். அக்காவின் இடம் தப்பியது.

வெளியே வந்ததும், இனி ஒவ்வொரு தட்டலும் அளவில் விழுந்துவிடும் என்று அக்காவிடம் மூச்சுவிடாமல் விளக்கினாள். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"எல்லாம் சரிடி. நான் போன்ல சொன்னேனே, அது உனக்குப் பத்தலையா?"

அக்கா வரிசையைப் பார்க்கப் போய்விட்டாள்.