முதல் வரியிலேயே நின்ற லூப்

கண் மருத்துவமனையின் ஆவண அறையில் இருப்பவளை எல்லோரும் லூப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளி அட்டைகளைத் தட்டச்சு செய்ய வந்தவள், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியைத் தானாகவே கற்றுக்கொண்டாள். பட்டியல் முழுவதற்கும் ஒரே கட்டளை போதும் என்று பக்கத்து மேசைக்காரர் பத்து வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். அவள் காதில் போட்டுக்கொண்டால்தானே! ஒரு வரியை எடு, அந்த ஆளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பு, அடுத்த வரிக்குப் போ, வரிகள் தீரும்வரை இதையே செய் என்று லூப் எழுதினால்தான் அவளுக்குத் திருப்தி. ஒவ்வொரு பெயரும் திரையில் வந்து போவதைப் பார்ப்பதில் அப்படி ஒரு சந்தோஷம்.

அன்று கண்புரை அறுவைக்குக் காத்திருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் செய்தி போக வேண்டும். பதிவு செய்த தேதிப்படி முதல் ஆள் ஒரு தையல்காரர். மூன்று தடவை செய்தி அனுப்பியும் வராத மனிதர். நான்காவது தடவையும் வராவிட்டால் பெயரை நீக்கிவிட வேண்டும் என்பது விதி. நீக்குகிற கை அவளுடையது. கத்திக்குப் பயந்த ஆள் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. இந்தத் தடவையாவது மனுஷன் வந்து சேர வேண்டுமே என்று முணுமுணுத்துக்கொண்டே லூப்பை எழுதி ஓடவிட்டு, சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன செய்திகள் முந்நூற்றுப் பதினேழு. எல்லாம் ஒரே ஆளுக்கு. ‘அடுத்த வரிக்குப் போ’ என்ற கட்டளையை எழுத மறந்திருந்தாள். எள் என்றால் எண்ணெயாக நிற்பது மனிதர்கள்தான். டேட்டாபேஸ் எள்ளோடு நின்றுவிடும். அது தையல்காரரையே பிடித்துக்கொண்டு நகரவில்லை. அவசரமாக நிறுத்தி, விட்ட கட்டளையைச் சேர்த்து, மற்றவர்களுக்கு அனுப்பி முடித்தாள். மேலாளர் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்று பக்கத்து மேசைக்காரர் ஆறுதல்போலக் குத்திவிட்டுப் போனார். அதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. இந்தத் தொல்லைக்குப் பிறகு அந்த மனிதர் மருத்துவமனைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாரே என்றுதான் நொந்துகொண்டாள்.

நாலு மணிக்கு, கழுத்தில் அளவு நாடாவோடு ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டே அறைக்குள் வந்தார். திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றாள்.

“மத்தியானம் பூரா போன் கத்திக்கிட்டே இருந்துச்சும்மா. யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்து, பக்கத்துக் கடைப் பொண்ணைப் படிக்கச் சொன்னேன். அப்பதான் தெரிஞ்சுது, நீங்க கூப்பிடுறீங்கன்னு.”

“இதுக்கு முன்னாடி மூணு தடவை அனுப்பினோமே ஐயா.”

“எழுத்து தெரிஞ்சாத்தானேம்மா படிக்கிறதுக்கு? கண்ணுக்காகத்தானே உங்ககிட்டயே வந்தேன்.”

அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மனிதர் வந்துவிட்டாரே என்று வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நாற்காலியில் உட்காரவைத்து, மறுநாள் காலையின் முதல் அறுவையை அவர் பெயருக்கு எழுதி, நேரத்தை இரண்டு தடவை வாயால் சொன்னாள்.

அவர் போனதும், வராதவர்கள் என்று இதுவரை தன் கையால் நீக்கிய பெயர்களைத் தேடி எடுத்தாள். நாற்பத்து மூன்று பேர். லூப் எதுவும் எழுதாமல், தொலைபேசியை எடுத்து முதல் எண்ணை அழுத்தினாள்.