தேவகி கொண்டுபோன டையும் நான் வைத்த வேண்டுதலும்

பெரியபாளையத்து அம்மனைக் கும்பிடுகிற எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. நோய் தீர வேண்டும், குழந்தை பிறக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் கேட்டது அப்படி இல்லை. “தேவகி ஷெட்டுக்குப் பூட்டு விழணும் தாயே.” ஏறக்குறைய ஒரு வருடம் இதைத்தான் கேட்டேன்.

தேவகி என்னோடு மெக்கானிக்கல் படித்தவள். அவள் வீடு மணவாள நகரில், எனக்கு ஆரம்பாக்கம். படிப்பு முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து கும்மிடிப்பூண்டியில் ஒரு ஷெட் எடுத்து பெயின்ட் டப்பாவுக்கு பிளாஸ்டிக் மூடி செய்ய ஆரம்பித்தோம். மூடி வார்க்கிற இரும்பு அச்சை டை என்போம். ஆள் உட்காரும் அளவுக்கு இருக்கும், கிரேன் போட்டுத்தான் தூக்க வேண்டும். அந்த டையை வரைந்தவள் தேவகி. அவளுக்குக் கை அப்படி. நான் ஆர்டர் பிடிப்பேன், ஆட்களைப் பார்ப்பேன், ஓடுவேன். ஆனால் வருகிறவர்கள் எல்லாம் “டிசைன் யாருது?” என்றுதான் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குள் ஏதோ சுருக்கென்று குத்தும். அப்போதே அதற்குப் பெயர் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

இரண்டாவது வருடம் எதற்கெடுத்தாலும் சண்டை. பிரிந்தோம். ஷெட்டும் மிஷினும் எனக்கு, அவள் தனியாகப் போகிறாள் என்று பேச்சு. டையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்த வாரம் அது பாலிஷுக்குப் போக வேண்டியிருந்தது. தேவகிதான் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். பாலிஷ் முடிந்து அது என்னிடம் திரும்பவில்லை. என் ஷெட்டிலிருந்து மூன்றாவதாக இருக்கும் அவளுடைய புது ஷெட்டில் போய் இறங்கியது.

மூடி வாங்குகிற கம்பெனி மானேஜர் நல்ல மனிதர். “தை வரைக்கும் பாக்குறேம்மா. அதுக்கு மேல வேற ஆளைப் பாத்துக்குவேன்” என்றார். எனக்கு இருந்தது அந்த ஒரே ஆர்டர். அது போனால் ஷெட் போச்சு. திருவள்ளூர் கோர்ட்டில் கேஸ் போட்டேன். டை எங்கள் கம்பெனியுடையது, திருப்பித் தர வேண்டும் என்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கேஸை விட என்னைத் தின்றது அவள் ஷெட்டின் சத்தம்தான். டை இல்லாமல் என் மிஷின் சும்மா நிற்கும். அங்கே ‘டக், டக்’ என்று அச்சு மூடித் திறக்கும். ஒவ்வொரு டக்குக்கும் என்னுடைய மூடி ஒன்று அவள் கூடையில் விழுகிறது என்று கணக்குப் போடுவேன். அவள் போர்டு என்னுடையதை விடப் பெரிது. ஆயுத பூஜைக்கு அவள் வாசலில் இரண்டு வாழைமரம், என் வாசலில் ஒன்று. அதைக்கூட எண்ணினேன். போனில் அவள் போட்டோவைப் பெரிதாக்கி, பின்னால் டை தெரிகிறதா என்று தேடியிருக்கிறேன். சோறு இறங்காது.

வாய்தா, வாய்தா என்று போய்க்கொண்டே இருந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து கோர்ட்டுக்குப் பெரியபாளையம் வழியாகத்தான் பஸ். கோயில் இருக்கும் திசை வந்ததும் ஜன்னல் ஓரம் கை கூப்புவேன். “நான் ஜெயிச்சு, அவ இழுத்து மூடிக்கினு போனா, வேப்பஞ்சேலை கட்டி உன்னைச் சுத்தி வரேன்.” இதுதான் வேண்டுதல். உடம்பெல்லாம் வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு கோயிலை வலம் வருகிற பெரிய நேர்த்திக்கடன் அது. அதை இப்படி ஒரு காரியத்துக்கு நேர்ந்துகொண்டேன்.

ஒரு முறை நைனா துணைக்கு வந்தார். நெல் அறுப்பை விட்டுவிட்டு வந்த எரிச்சல் அவருக்கு.

“மிஷின் ஓட்டத்தான் படிக்க வெச்சேன். நீ இன்னாடான்னா பஸ்ஸை ஓட்டிக்கினு கீற.”

“நைனா, பேஜாரு பண்ணாத. நியாயம் என் பக்கம்.”

“நியாயம் இருக்கட்டும். மூஞ்சியைப் பாரு, காமாலை வந்த மாதிரி இருக்குது.”

கார்த்திகை மாதம் வக்கீல் சார் கூப்பிட்டார். தேவகி தரப்பில் ஒரு சலான் நகல் போட்டிருந்தார்கள். ஷெட்டிலிருந்து எந்தப் பொருள் வெளியே போனாலும் சலான் போட வேண்டும். அதில் இரண்டு கட்டம் இருக்கும். வேலை முடிந்து திரும்பி வரும் பொருளுக்கு ‘திரும்பும்’. கொடுத்துவிட்ட பொருளுக்கு ‘திரும்பாது’. அந்தச் சலானில் பெறுபவர் பெயர் தேவகி. டிக் இருந்தது ‘திரும்பாது’ கட்டத்தில். கீழே என் கையெழுத்து.

டை பாலிஷுக்குப் போன நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு லோடு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். எதையும் படிக்காமல் சரசரவென்று எழுதிக் கிழித்துக் கொடுத்தது நான்தான். எனக்கு எல்லாமே அவசரம்.

“கையெழுத்து உங்களுதாம்மா?” என்றார் வக்கீல் சார்.

“ஞாபகம் இல்ல சார்.”

“சலான் புக்ல உங்க காப்பி இருக்கும். பாருங்க. இல்லேன்னா இல்லேன்னு அபிடவிட் போடலாம். ஆனா அதுல கையெழுத்துப் போடப்போறது நீங்க. நான் இல்ல.”

ஷெட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். இருந்தது. ரோஸ் நிறக் கார்பன் காப்பி. அதைக் கிழித்துக் கையில் எடுத்தேன். அந்தப் பக்கம் ‘டக், டக்’. இதை எரித்துவிட்டால் போதும், அந்தக் கையெழுத்து அவளே போட்டது என்று சொல்லிவிடலாம். ஒரே ஷெட்டில் இரண்டு வருடம் இருந்தவள், என் கையெழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும் என்று கோர்ட் நம்பும். அவளை ஜெயிலுக்கே அனுப்பலாம். என் மனம் அதுவரை போனது. அதில் ஒரு சுகமும் இருந்தது. காப்பியைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அதற்குள் ஜட்ஜ் எங்கள் கேஸை சமரச மையத்துக்கு அனுப்பியிருந்தார். இரண்டு தரப்பும் நேரில் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும். அந்தக் காலையில் பஸ் பெரியபாளையத்தில் நின்றது. என்னவோ, இறங்கிவிட்டேன். அத்தனை நாளும் ஜன்னலில் இருந்துதான் கேட்டேன். நேரில் போய் நின்றால் அந்த வேண்டுதல் வாயில் வரவில்லை. அம்மன் முகத்தைப் பார்த்துக்கொண்டு “அவளை ஜெயிலுக்கு அனுப்பு” என்று எப்படிச் சொல்வது. வெகுநேரம் நின்றேன். பின்னால் இருந்தவர்கள் “நகருமா, நகரு” என்று தள்ளினார்கள்.

கடைசியில் வந்தது இவ்வளவுதான். “தாயே, எனக்கு அவ மேல பொறாமை. அவ கை மாதிரி எனக்குக் கை இல்ல. இதை நீ எடுக்கலேன்னா நான் இன்னிக்குப் பொய் சொல்லிடுவேன்.”

அழுதேன். வானத்தில் இருந்து எதுவும் விழவில்லை. மனது லேசாகவும் ஆகவில்லை. ஆனால் ஒரு வருடமாக நான் சொல்லாத சொல்லை வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். அடுத்த பஸ் ஏறினேன்.

சமரச மையத்தில் ஒரு மேசை. எதிரில் தேவகி. அவளும் இளைத்திருந்தாள். பேச வைக்க உட்கார்ந்திருந்த வக்கீல் அம்மா சலானைக் காட்டி, “இது உங்க கையெழுத்தா?” என்றார்.

என் கை தானாகப் பைக்குள் போனது. ரோஸ் காப்பியை மேசை மேல் வைத்தேன். “என்னுதுதான் மேடம். தப்பான கட்டத்துல டிக் போட்டுட்டேன். கொடுக்கணும்னு போடல. ஆனா போட்டது நான்தான்.”

என் வக்கீல் சார் மேலே மின்விசிறியைப் பார்த்தார். தேவகி அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

“அது பாலிஷுக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியும் மேடம். சலான் கையில இருந்துச்சு, பிடிச்சுக்கினேன்.” என் பக்கம் திரும்பினாள். “அந்த டை என் மிஷின்ல ஏறவே ஏறாதுடி. மிஷின் சின்னது, கம்பிங்களுக்கு நடுவுல நுழையல. பெரிய மிஷின் வாங்கலாம்னு இருந்தேன், அமையல. வந்த நாளா தார்பாய் போட்டு மூலைல கீது.”

“அப்போ தினம் டக் டக்குன்னு ஓடுதே?”

“அது பக்கெட் கைப்பிடி.”

எனக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. ஒரு வருடம் நான் எண்ணியதெல்லாம் பக்கெட் கைப்பிடி.

“ஏறாததை ஏன்டி வெச்சுக்கினு இருந்த? கேட்டிருந்தா கொடுக்க மாட்டியா?”

“கேட்டியா நீ? சம்மன் அனுப்புன.” பிறகு மெதுவாகச் சொன்னாள். “உனக்கு நைனா கீறாரு, ஷெட்டு கீது, ஆர்டர் கீது. நான் வரைஞ்சது அது ஒண்ணுதான். அதையும் கொடுத்துட்டா என்கிட்ட இன்னா இருக்குது?”

அவளுக்கும் எரிந்திருக்கிறது. மூன்று ஷெட் தள்ளி உட்கார்ந்துகொண்டு அவள் என்னைப் பார்த்து வெந்திருக்கிறாள்.

அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இந்த முறை நான் ஒவ்வொரு வரியையும் படித்தேன். டை என் மிஷினில் ஓடும். வரைந்தவர் தேவகி என்று எல்லா ஆவணத்திலும் இருக்கும். அவளுக்கு மூடி ஆர்டர் வந்தால் என் மிஷினில் வார்த்துக் கொடுக்க வேண்டும். ஜட்ஜ் அதைப் பதிவு செய்து கேஸை முடித்தார். மார்கழிக் கடைசியில் டை வந்து இறங்கியது. ஓரத்தில் துரு. தேவகியே வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். மானேஜர் சொன்ன தைக்கு முன்னால் முதல் லோடு போய்விட்டது.

பாருங்கள், அந்தக் காலையில் நான் டையைக் கேட்கவே இல்லை. கேட்டது பொய் சொல்லாமல் இருக்க ஒரு பிடி மட்டும். அம்மன் அதைக் கொடுத்தாள், டையையும் அனுப்பினாள். வேப்பஞ்சேலை கட்டி வலம் வந்தேன், பூட்டு விழாததற்காக.

பொறாமை முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அது அடுத்த பொய். போன வாரம் தேவகிக்குப் பெரிய மிஷின் வந்தது, என்னுடையதை விடப் பெரியது. பார்த்ததும் வயிறு எரிந்தது. என் ஷெட்டுக்குள் போய் அம்மன் படத்துக்கு முன்னால் நின்று, “எரியுது தாயே” என்றேன். பிறகு பூக்கடைக்குப் போய் மிஷினுக்கு ஒரு மாலை வாங்கிக்கொண்டு அவள் ஷெட்டுக்குப் போனேன். “நீயே போடு” என்று நகர்ந்து வழி விட்டாள். போட்டேன்.

கோர்ட் வாசலில் வாய்தாவுக்குக் காத்திருக்கிறவர்களே, உங்கள் நியாயத்தை வக்கீலிடம் சொல்லுங்கள். உள்ளே எரிவதை அந்தத் தாயிடம் சொல்லுங்கள். மறைக்காமல், அதன் பெயரைச் சொல்லியே கேளுங்கள். அவள் முகம் சுளிக்க மாட்டாள். என்னிடம் சுளிக்கவில்லை.