கூழ் ஊற்றாத வருசம்

அன்றைக்கு சொசைட்டி குடோனில் இருந்தவர்கள்: ஆபீசர், மேசைக்குப் பின்னால். கட்சிச் செயலாளர், அங்கிருந்த இன்னொரு நாற்காலியில். அவர் மச்சான், அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு. எங்கள் ஊர்க்கவுண்டர், புளி மூட்டை மேல். புளி எடுக்க வந்த வாணியம்பாடி பாய், பக்கத்து மூட்டை மேல். என் பொண்டாட்டி, வாசற்படியில், யாரும் கூப்பிடாமல் வந்தவள். நான், சுவரோரம், ஸ்டெபிலைசர் பக்கத்தில். அப்புறம் கம்ப்யூட்டர். ஃபேனுக்குக் கீழே இருந்தது அது ஒன்றுதான்.

கூடினது என் வயசைக் கண்டுபிடிக்க.

நான் அந்தக் குடோனுக்கு வாட்ச்மேன். புதூர்நாட்டுக்கு மேலே, ஜீப் போகிற கடைசி ஊர் எங்களுது. மலைக்காரர்கள் கொண்டுவருகிற புளி, சாமை, கடுக்காய் எல்லாம் அங்கே வந்து விழும். சேரும்போது என்னை யாரும் வயசு கேட்கவில்லை. கரடிக்குப் பயப்படுவியா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். சேர்த்துக்கொண்டார்கள். அது பொய் இல்லை. அப்போது பயம் இல்லை. இப்போது கரடிக்கும் பயம், வழுக்குப் பாறைக்கும் பயம், பல் பிடுங்குகிறவனுக்கும் பயம். கரடியாவது கூலி கேட்காது.

வயசானதை நான் கண்ணாடியில் பார்க்கவில்லை. ஜீப்பில் பார்த்தேன். எப்போதும் பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறவன் நான். ஒருநாள் டிரைவர் முன்சீட்டைத் துண்டால் தட்டி, ஏறிக் குந்துங்க என்றான். அவன் அப்பனுக்குக்கூட அப்படித் தட்டினதில்லை. துட்டு மட்டும் அதே துட்டு.

அந்த வருசம் எலெக்சன் முடிந்து ஆட்சி மாறியிருந்தது. எண்பதுகளின் கடைசி அது. எங்கள் மலையில் ஆட்சி மாறினால் ஜீப் கண்ணாடியில் ஒட்டின படம் மாறும். ஜீப் அதேதான். ரோட்டில் குழியும் அதேதான். குழிக்குக் கட்சி கிடையாது.

இந்தத் தடவை இன்னொன்றும் மாறியது. புதுசாகச் செயலாளர் ஆனவர் மலையில் பிறந்து, ஆலங்காயத்தில் மாடி வீடு கட்டி இறங்கிப்போனவர். பெண் எடுத்தது எங்கள் ஊரில். அந்தப் பெண்ணுக்கு ஒரு தம்பி. தம்பிக்கு வேலை வேண்டும். எங்கள் ஊரில் சம்பளம் வருகிற வேலை இரண்டு. ஒன்று ஆபீசர் வேலை, அதுக்குப் படிக்க வேண்டும். இன்னொன்று என்னுடையது.

ஐம்பத்தெட்டு ஆனால் வீட்டுக்கு என்பது சொசைட்டி விதி. இந்தக் கிழவனுக்கு அறுபது தாண்டிப் பல வருசம் ஆச்சு என்று செயலாளர் மேலே சொல்லிவிட்டார். மேலே இருக்கிறவர்கள் விசாரி என்று ஆபீசருக்குச் சொன்னார்கள்.

வேலை போனால் சோறு போகாது. சாமை விளைகிறது, பலா காய்க்கிறது. என் பயம் வேறு. அது அந்தக் கம்ப்யூட்டர் மிஷின்.

ஆபீசருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பினது. பெட்டிகூட இல்லை, வெறும் பித்தான் பலகை. டைப் மிஷினை வெட்டி மேல்பாதியை மட்டும் எடுத்த மாதிரி இருக்கும். அதை ஆபீசர் தன் டிவியில் சொருகினார். எங்கள் ஊரில் டிவியில் படம் வராது, மலை மறைக்கும். வாங்கி வைத்து ரெண்டு வருசம் சும்மா கிடந்த டிவிக்கு ஒரு வேலை கிடைத்தது.

மிஷினுக்குச் சொந்த புத்தி கிடையாது. புத்தி கேசட்டில் இருக்கும். டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டால் சில்வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டுக் கேட்டு மிஷினுக்கு புத்தி ஏறும். கரண்ட் போனால் புத்தியும் போகும். மறுபடி கேசட். எனக்கு அதை ரொம்பப் பிடித்தது. எனக்குத் தெரிந்த பல பேர் அப்படித்தான்.

செருப்பைக் கழற்றாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று ஆபீசர் சட்டம் போட்டார். ஆயுத பூஜைக்கு டிவிக்கு விபூதிப் பட்டை அடித்தார். பித்தானுக்குப் பித்தான் சந்தனப் பொட்டு வைத்தார். சந்தனம் இறங்கிக் காய்ந்து நாலைந்து பித்தான் அமுங்கவில்லை. பழைய ரேடியோ பிரித்து மாட்டின கை எனக்கு. ஸ்பிரிட் தொட்டு, கோழி இறகால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தேன். அதிலிருந்து அந்த மிஷினைத் துடைப்பது, மூடுவது, ரிப்பேர் பார்ப்பது எல்லாம் நான். டேப் ரிக்கார்டர் தலையில் ஒரு பொடித் திருகு இருக்கும். அதைக் கொஞ்சம் திருப்பினால் மிஷினுக்குக் காது கேட்கும். அதிகம் திருப்பினால் செவிடு. பக்கத்து மாவு மில் ஓடினால் வோல்டேஜ் இறங்கி மிஷின் செத்துவிடும். திருப்பத்தூரில் எடைக்குப் போட்டிருந்த ஒரு ஸ்டெபிலைசரை எடுத்து வந்து, புதுசாகச் செம்புக் கம்பி சுற்றி, அதுக்கும் ஒரு வழி பண்ணினேன். பாதி நாள் வேலை செய்யும். பாதி நாள் புகை வரும்.

எனக்கு அப்புறம் அந்தத் திருகை மச்சான் திருப்புவான். டார்ச் லைட்டுக்கு செல் மாற்றி டார்ச்சையே கெடுத்தவன் அவன்.

இப்போது வயசுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். ஒரு கூழுக்கு ஒரு வயசு. எத்தினி கூழு குடிச்சவன் என்றுதான் கேட்போம். யார் எந்தக் கூழுக்கு மடியில் இருந்தது, எந்தக் கூழுக்கு நடந்து வந்தது என்பது ஊர்க்கவுண்டர் குடும்பத்துக்குத் தெரியும். தலைமுறையாக அவர்கள் வாயில் அந்தக் கணக்கு இருக்கிறது.

அதனால்தான் அன்றைக்குக் கவுண்டரைக் கூப்பிட்டார்கள். ஆபீசர் காலையிலிருந்து உட்கார்ந்து வயசுக்கென்றே ஒரு புத்தியை எழுதிக் கேசட்டில் ஏற்றி வைத்திருந்தார். மனுசன் பொய் சொல்லலாம், மிஷின் சொல்லாது என்றார். செயலாளரால் மறுக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் வந்தால் நாட்டில் தப்பே நடக்காது என்று மேடை மேடையாகப் பேசினவர் அவர்தான்.

ஆபீசர் கேசட்டைப் போட்டார். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். எல்லாரும் டிவியைப் பார்த்தோம். கேசட் ஓடுகிறது, ஓடுகிறது, டிவியில் ஒன்றும் வரவில்லை. நான் திருகைத் திருப்பிப் பார்த்தேன். வரவில்லை. பாய் இரண்டு பீடி முடித்தார். செயலாளர், இன்னா சொல்லுது என்று கேட்டார். ஆபீசர் சத்தத்தைக் கூட்டினார். உள்ளேயிருந்து செயலாளருடைய தலைவர் பேசினார். ஏழை எளிய மக்களே என்றார். போன வாரம் செயலாளர் கொடுத்த பேச்சுக் கேசட். ஆபீசர் கேசட்டை மாற்றிப் போட்டுவிட்டார்.

பாய்தான் சொன்னார்.

"அரை மணி நேரமா கேட்டுட்டு, உள்ள ஒண்ணும் இல்லன்னு சொல்லுது."

செயலாளர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததால் மச்சானும் சிரிக்கவில்லை. ஆனால் அவன் கைப்பிடித்த நாற்காலி ஆடியது.

சரியான கேசட் ஏறுகிற வரைக்கும் செயலாளர் சும்மா இருக்கவில்லை. சாட்சி விசாரித்தார். இந்த ஆளு தாடியப் பாருங்க, இது அறுபது வயசுத் தாடி இல்லியா என்று பாயைக் கேட்டார். பாய் தன் தாடியைத் தடவினார். மருதாணி போட்ட தாடி. இது போன வெள்ளிக்கிழமைதான் செவப்பாச்சு, அப்ப எனக்கு ஒரு வாரம் வயசா என்றார். அடுத்து செயலாளர் வாசற்படிப் பக்கம் திரும்பி, நீ சொல்லும்மா, உன் வூட்டுக்காரருக்கு வயசு இன்னா இருக்கும் என்றார். என் பொண்டாட்டி என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி.

"கல்யாணத்தன்னிக்கே கெழவன் மாதிரிதான் இருந்தாரு. அதுலேர்ந்து மாறவேயில்ல. இவர வூட்டுக்கு மட்டும் அனுப்பிராதீங்க சார். பகல்லயும் பாக்கணும்னா என்னால ஆவாது."

முப்பது வருசத்துக்கு மேல் என்னோடு வாழ்ந்தவள். எனக்காகப் பேசினாளா, அவளுக்காகப் பேசினாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

மிஷினுக்கு புத்தி ஏறிவிட்டது. ஆபீசர் கவுண்டரைப் பார்த்தார். கவுண்டர் கண்ணை மூடி, விரல் மடக்கி, வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து ஐம்பத்தேழு கூழு என்றார். ஆபீசர் அமுக்கினார். டிவியில் ஐம்பத்தேழு என்று வந்தது. இதைச் சொல்ல மிஷின் எதுக்கு என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அது என் பக்கம் இருந்தது.

செயலாளர் எழுந்துவிட்டார். மலையில் பிறந்தவர் இல்லையா, எங்கே ஓட்டை என்று அவருக்குத் தெரியும். எங்கள் ஊரில் எல்லா வருசமும் கூழ் ஊற்றுவதில்லை. கவுண்டர் வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருசம் கிடையாது. இரண்டு தெருவும் சண்டை போட்டால் கிடையாது. காடு எரிந்த வருசமும் கிடையாது.

"ஊத்தாத வருசத்த எவன் கணக்குல சேத்தீங்க, கவுண்டரே?"

"சேக்க மாட்டோம். கூழு ஊத்தாதது வருசமே இல்ல."

"அந்த வருசத்துல இந்தாளு மூச்சு உட்டாரா இல்லியா?"

கவுண்டர் என்னைப் பார்த்தார். உட்டிருப்பான் என்றார்.

செயலாளர் ஆபீசரிடம், விட்டுப்போன வருசத்தையும் சேர்த்து மிஷினில் போடுங்க என்றார். சட்டப்படி அதுதான் நியாயம் என்றார். ஆபீசருக்கு வியர்த்தது. நியாயம் செயலாளர் பக்கம் இருந்தது, அதுதான் தொந்தரவு. கவுண்டர் மறுபடி விரல் மடக்கினார். என் காலத்தில் ஐந்து வருசம் கூழ் இல்லை. ஐந்தும் சேர்ந்தால் அறுபத்திரண்டு. ஆபீசர் புத்தியில் ஒரு வரி கூட்டி எழுதினார். நான் டேப் ரிக்கார்டரைப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் மச்சான் அதைத் திறந்துவிடுவான்.

அப்போது பாய் மூட்டையிலிருந்து இறங்கினார். அவருக்கு இதில் ஒன்றும் இல்லை. புளி எடுத்தால் கிளம்பிவிடலாம். ஆனால் தராசுக்காரர்.

"இந்த மூட்டைக்கு ஒரு கல்லு, அந்த மூட்டைக்கு ஒரு கல்லா? மச்சானையும் அதே மாதிரி போடுங்க சார்."

புதிதாகச் சேருகிறவனுக்கு முப்பத்தைந்து தாண்டக் கூடாது. அதுவும் சொசைட்டி விதி. மச்சான் எங்கள் ஊர்ப் பையன், அவனுக்கும் கூழ்க் கணக்குதான். முப்பத்துநாலு கூழு என்று கவுண்டர் யோசிக்காமலே சொன்னார். அவன் காலத்தில் கூழ் ஊற்றாதது இரண்டு வருசம். ஆபீசர் இரண்டையும் போட்டார். டிவியில் முப்பத்தாறு.

குடோனில் புளி வாசனை மட்டும் இருந்தது.

செயலாளர் டிவியைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். கூழ் ஊற்றாத வருசத்தைச் சேர்த்தால் நான் வீட்டுக்கு, ஆனால் மச்சான் வேலைக்கு வர முடியாது. சேர்க்காவிட்டால் மச்சான் வரலாம், ஆனால் காலி இடம் இல்லை. என்னை அனுப்பினால் காலியான இடத்துக்குக் கீழே திருப்பத்தூரிலிருந்து எவனாவது வந்து உட்காருவான். அதில் அவருக்கு என்ன லாபம். கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார்.

"ஊர் வயக்கத்த நாம மாத்தக் கூடாது சார்," என்றார். "அது தப்பு. கவுண்டர் சொன்னதே இருக்கட்டும்."

அடுத்த ஆடிக்குக் கூழ் ஊற்றினால் ஐம்பத்தெட்டு, அன்றைக்கு இவர் கிளம்பட்டும் என்றும் சொன்னார். மச்சானுக்கும் அப்போது முப்பத்தைந்து, தாண்டாது. கணக்கு சரியாக இருந்தது. ஆபீசர் ஒத்துக்கொண்டார். கவுண்டரும் ஒத்துக்கொண்டார். என்னை யாரும் கேட்கவில்லை. ஸ்டெபிலைசரில் புகை வந்தது, அணைத்தேன்.

அந்த ஒரு வருசம் நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். மழை விழுந்தால் ஆடி கிட்டே வருகிறது என்று தோன்றும். முட்டி பிடித்துக்கொண்டது. முட்டிக்குக் கூழ்க் கணக்கு தெரியாது, அது எல்லா வருசத்தையும் எண்ணியிருக்கிறது. ராத்திரியில் கரடி சத்தம் கேட்டால் டார்ச் அடிப்பேன், கதவைத் திறக்க மாட்டேன். ஆபீசர் எனக்கு மிஷினில் ஒரு வேலை சொல்லிக்கொடுத்தார். நட்சத்திரம் மாதிரி புள்ளி வைக்கிற வேலை. ஒரு புள்ளியை டிவியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓட வைத்தேன். எதுக்கு என்று பொண்டாட்டி கேட்டாள். ஓடுது பார் என்றேன். நீங்க ஓடுங்க என்றாள்.

ஆடி வந்தது. சாமை இடித்தாயிற்று, பானை கழுவியாயிற்று. செயலாளர் ஆலங்காயத்திலிருந்து ஜீப்பில் தோரணம் அனுப்பினார். கோயில் வாசலில் கட்டச் சொன்னார். எல்லாம் அவர் கட்சிக் கலர். சீக்கிரம் திருவிழா முடியட்டும் என்று அவருக்கு அவசரம், அதோடு கொஞ்சம் கட்சியும் வளரட்டும் என்று ஆசை. மேல்தெரு கட்டியது. கீழ்த்தெரு பழைய ஆட்சிக்காரர்கள். அவர்கள் ராவோடு ராவாக அதை அறுத்து அவர்கள் கலரைக் கட்டினார்கள். காலையில் இரண்டு தெருவும் கோயில் வாசலில் கைகலந்தது. ஒருத்தனுக்குப் பல் போனது. பல் பிடுங்குகிறவனுக்குக் கொடுக்கிற துட்டு அவனுக்கு மிச்சம்.

கவுண்டர் வந்து பார்த்தார். திட்டவில்லை. கூழ்ப்பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஆடி முடிந்து முதல் வேலை நாள் செயலாளர் மச்சானோடு வந்தார். மச்சான் புதுச் சட்டை. ஆபீசர் கேசட்டைப் போட்டார், சரியான கேசட். நான் திருகைக் கொஞ்சம் திருப்பினேன். வண்டு கத்தி முடிந்தது. ஆபீசர் கவுண்டரை, இந்த வருசம் கூழ் ஊத்தினீங்களா என்று கேட்டார். ஊத்தல என்றார் கவுண்டர்.

செயலாளர் வாயைத் திறந்தார். ஊர் வழக்கத்தை மாற்றக் கூடாது என்று சொன்னது அவர்தான், அதனால் மூடிக்கொண்டார்.

ஆபீசர் அமுக்கினார். டிவியில் வந்தது.

ஐம்பத்தேழு.